வெட்டிய மரம் திரும்பத் துளிர்க்கிறதா? துளிர் வரும் இடத்தைப் பார்த்து வைத்தியம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் செப்டிக் டேங்கை ஒட்டி ஒரு புங்கமரம் நின்றது. நிழலுக்காக நானே வைத்தது. பன்னிரண்டு வருடத்தில் வேர் டேங்கின் மூடியைத் தூக்கிவிட்டது. மனசில்லாமல்தான் ஆள் வைத்து அறுத்தேன். தரையோடு தரையாக அறுத்து, விறகை வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று. ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் கட்டையைச் சுற்றி மாலை போட்டது போலத் துளிர். அரிவாளால் சீவினேன். ஒன்றைச் சீவிய இடத்தில் நான்கு வந்தது. தை மாதம் பார்த்தால், கட்டையிலிருந்து பதினைந்து அடி தள்ளி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மூன்று புங்கன் கன்று.

மரம் வெட்டும் பெரியவரை மறுபடி கூப்பிட்டேன். அவர் கட்டையைத் திரும்பியே பார்க்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கன்றைச் சுற்றி விரலால் மண்ணைக் கிளறினார். "இது கொட்டை விழுந்து முளைச்சது இல்ல தம்பி, வேருலருந்து வந்தது. நீங்க கட்டைய வெட்டிக்கிட்டு இருக்கீங்க, உசுரு இங்கல்ல ஓடுது" என்றார்.

அன்றிலிருந்து இந்தப் பிரச்சினையை யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, துளிர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். கட்டையின் ஓரத்திலிருந்தா, தள்ளியிருக்கும் வேரிலிருந்தா, விதையிலிருந்தா, சுவர் வெடிப்பிலிருந்தா? பார்வைக்கு எல்லாம் ஒரே பச்சை. வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் நிறைய உண்டு. உச்சிக்கொழுந்து வளர்ந்துகொண்டிருக்கும்வரை, அங்கே சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி அந்த மொட்டுகளை எழவிடாமல் வைத்திருக்கிறது. உச்சியை வெட்டினால் அந்தத் தடை போய்விடும். இன்னொரு பக்கம், இலைகள் வருடக்கணக்கில் சமைத்து அனுப்பிய சாப்பாடு வேரில் மாவாகச் சேர்ந்து கிடக்கிறது. இலையே இல்லாவிட்டாலும் துளிரை வெளியே தள்ள அந்த இருப்பு போதும். கரும்பை வெட்டியபின் மறுதாம்பு எழுவதும் இப்படித்தான். எனவே மொட்டு இருக்கும் பகுதியை அப்புறப்படுத்த வேண்டும், இல்லையென்றால் வேரின் இருப்பைத் தீர்க்க வேண்டும். மருந்து இல்லாமல் என்றால் மூன்றாவது வழி கிடையாது.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. தெருவோர மரமும் புறம்போக்கு மரமும் நம்முடையவை அல்ல. நம் வாசலுக்கு நேரே நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது, வேருக்கு மருந்து வைப்பதும் கூடாது. தமிழ்நாட்டில் அதைப் பார்க்க மாவட்டந்தோறும் பசுமைக் குழு இருக்கிறது. கொல்லையில் தானாக முளைத்தது சந்தனமாக இருந்தால், பட்டா நிலமே ஆனாலும் வனத்துறையைக் கேட்காமல் வெட்டக்கூடாது.

விதைக்கன்றா, வேர்க்கன்றா? ஒரு சோதனை

மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது ஒரு கன்றை அடியில் பிடித்து மெதுவாக இழுங்கள். விதைக்கன்று என்றால் நேராக இறங்கும் ஆணிவேரோடு நூல் போல உருவி வந்துவிடும். இளசாக இருந்தால் விதையிலை இரண்டும் தண்டில் ஒட்டியிருக்கும். வேர்க்கன்று வராது. கொஞ்சம் அசைந்துவிட்டு நின்றுவிடும். பக்கத்து மண்ணைத் தள்ளிப் பார்த்தால், தண்டு இறங்கிப் படுக்கையாக ஓடும் ஒரு வேரில் உட்கார்ந்திருக்கும். அந்த வேரைச் சுரண்டினால் பழைய கட்டை இருக்கும் திசையைக் காட்டிக்கொண்டே போகும். பெரியவர் விரலால் கிளறியபோது எனக்குக் காட்டியது அதைத்தான். சுண்டுவிரல் பருமனில் ஒரு வேர், நகத்தால் கீறியதும் உள்ளே ஈரமான மஞ்சள். வெட்டி நான்கு மாதம் ஆகியிருந்தது.

அறிகுறி: கட்டையின் ஓரத்தில் கொத்துக்கொத்தாகத் துளிர்

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இது. வேம்பு, புங்கன், முருங்கை, சூபாபுல், தைலமரம், சீமைக்கருவேல் எல்லாம் இப்படி வரும். சூபாபுலைச் சில ஊர்களில் சவுண்டல் என்பார்கள். இவற்றில் பலவற்றை நம் ஊர்களில் பரப்பியதே வெட்ட வெட்டத் தழைக்கும் குணத்துக்காகத்தான். சூபாபுல் ஆட்டுத் தீவனம், தைலமரம் காகிதக்கூழ், 1877 வாக்கில் இந்தியாவுக்குள் வந்த சீமைக்கருவேல் விறகு. கொல்லையில் நமக்குத் தொல்லையாகத் தெரிவது அந்த மரத்தின் பிறவிக் குணம்.

துளிர் மரத்துக்கு நடுவே வருவதில்லை, ஓரத்தில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நடுவில் இருக்கும் வைரம் பாய்ந்த கட்டையில் உயிர் இல்லை. உயிர் இருப்பது பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள வழவழப்பான மெல்லிய படலத்திலும், அதை ஒட்டிய வெள்ளைக்கட்டையிலும். நடுவில் ஓட்டை போட்டு எதை ஊற்றினாலும் துளிர் நிற்காததன் காரணம் இதுதான்.

கட்டையைப் பெயர்த்து எடுப்பதுதான் முழு வைத்தியம். இதில் பலரும் செய்யும் ஒரு தவறு உண்டு. நானும் செய்தேன். பெயர்க்கப் போகும் மரத்தை முதலிலேயே தரையோடு அறுத்துவிடுகிறோம். அறுத்தபின் பிடிக்க ஒன்றும் இல்லாமல் கடப்பாரையோடு போராடுகிறோம். பெயர்ப்பது என்று முடிவானால் நாலு அல்லது ஐந்தடி உயரத்துக்கு அடிமரத்தை விட்டு மேலே மட்டும் அறுக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் தோண்டி, தெரியும் பக்கவேர்களைக் கோடரியால் வெட்டிவிட்டு, அந்த அடிமரத்தில் கயிறு கட்டி முன்னும் பின்னும் ஆட்டினால் அதுவே நெம்புகோலாகும். முதல் நாள் இரவே குழியில் தண்ணீர் கட்டி ஊறவிட்டால் வேலை பாதியாகக் குறையும். தோண்டுமுன் குடிநீர்க் குழாயும் மின்சார வயரும் போகும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு ஆழம் என்பது மரத்தைப் பொறுத்தது. வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் மொட்டுகள் அதிகம். சூபாபுலில் அந்தக் கழுத்து போனாலே போதும், தள்ளியிருக்கும் வேரிலிருந்து அது எழுவதில்லை. சீமைக்கருவேலில் மொட்டுள்ள பகுதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும், ஒரு முழமாவது தோண்டி அதற்குக் கீழே வெட்ட வேண்டும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையடுத்து ஊர் ஊராக அந்த மரத்தை அகற்றியபோது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. ஜேசிபி வைத்து வேரோடு பெயர்த்த கண்மாய்க் கரை சுத்தமாக இருந்தது. அரிவாளால் மேலோடு வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கே முன்பைவிட அடர்ந்த புதர்.

பெயர்க்க முடியாத இடமும் இருக்கிறது. காம்பவுண்டு அஸ்திவாரத்தை ஒட்டியோ தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ இருந்தால் பட்டினி போடுவதுதான் வழி. துளிர் அரைச்சாண் தாண்டுமுன் கையால் ஒடித்துவிட வேண்டும். அரிவாளால் சீவினால் அடியில் ஒரு முளை மிச்சம் நிற்கும். அந்த முளையில் மூன்று மொட்டு இருக்கும். கையால் பக்கவாட்டில் வளைத்து ஒடித்தால் துளிர் தன் குதிகாலோடு பெயர்ந்து வரும். இளம் இலை முதல் சில வாரம் வேரிலிருந்து எடுத்துச் சாப்பிடும். முற்றி, கரும்பச்சையானதும் சம்பாதித்து வேருக்கு அனுப்பத் தொடங்கும். அனுப்புமுன் ஒடித்தால் ஒவ்வொரு முறையும் வேருக்கு நட்டம். பத்து அல்லது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடாமல், ஒன்றிரண்டு வருடம். நடுவில் ஒரே ஒரு மழைக்காலம் ஊருக்குப் போய் விட்டுவிட்டால் இழந்த இருப்பைப் பெரும்பாலும் மீட்டுவிடும். கட்டையின் மேல் கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி அதன்மேல் ஒரு அடி மண் மூடுவது உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. துளிர் ஓரத்தில் வழி கண்டுபிடித்துவிடும்.

வெட்டும் பருவத்தையும் சொல்லியாக வேண்டும். வேம்பு மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டு உடனே செங்கொழுந்து விடும். சித்திரைப் பிறப்புக்கு நாம் வேப்பம்பூ பறிக்கும் சமயத்தில், வேர் தன் சேமிப்பின் பெரும்பகுதியைக் கொழுந்துக்கும் பூவுக்கும் கொடுத்துவிட்டு இளைத்திருக்கும். பட்டினி போட நினைப்பவர் அப்போது வெட்ட வேண்டும். இலை உதிருமுன், தை மாதத்தில் வெட்டினால் நெல் நிறைந்த குதிரைத் திறந்து கொடுத்த மாதிரி. துளிர் அடுக்கடுக்காக வரும்.

அறிகுறி: கட்டை பட்டுவிட்டது, ஆனால் பத்துப் பதினைந்தடி தள்ளித் தரையில் முளைக்கிறது

புங்கன், மரமல்லி, கறிவேப்பிலை மூன்றும் இதில் பேர்போனவை. கறிவேப்பிலைச் செடியைச் சுற்றிக் கன்று எடுத்து அண்டை வீட்டுக்குக் கொடுப்போமே, அது வேர்க்கன்றுதான். வேம்பும், முக்கியமாக வறண்ட மண்ணில், வேரில் மண்வெட்டிக் காயம் பட்டால் அந்த இடத்திலிருந்து எழும்.

இங்கே செய்யக்கூடாத காரியம், கன்றைச் சுற்றி மண்வெட்டியால் கண்டபடி கொத்துவது. வேர் துண்டு துண்டாகும், துண்டுக்குத் துண்டு காயம், காயத்துக்குக் காயம் புதுக் கன்று. கொத்தாமல் கன்றின் அடியிலிருந்து படுக்கை வேரைத் தேடிப் பிடியுங்கள். கட்டைப் பக்கம் ஒரு வெட்டு. பிறகு எதிர்ப்பக்கம் நுனி மெலியும்வரை கயிறு உருவுவது போல மொத்தமாக இழுத்து எடுங்கள். பென்சில் பருமனுக்குக் குறைந்தபின் அறுந்தால் கவலையில்லை, அதில் பெரிய இருப்பு இல்லை. என் கொல்லையில் அப்படி எடுத்த வேர் ஒன்று துவைக்கிற கல்லுக்கு அடியில் புகுந்து மதில் வரை போயிருந்தது. எடுத்து வெயிலில் போட்டதை மூன்றாம் நாள் பார்த்தேன், ஒரு முனையில் ஊசி நுனி போலப் பச்சை எட்டிப் பார்த்தது. அதனால் எடுத்த வேரை ஈர மண்ணின் மேல் போடாதீர்கள். மொட்டைமாடித் தளத்தில் நன்றாகக் காயட்டும்.

மரம் இன்னும் நிற்கிறது, வெட்டலாமா என்ற யோசனையில் இருக்கிறீர்களா? நல்லது. வேர்க்கன்று விடும் இனத்தை உடனே வெட்டாதீர்கள். நிற்கும்போதே பட்டை வளையம் எடுங்கள். அடிமரத்தில், கடைசிக் கிளைக்குக் கீழே, ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்து, அடியில் இருக்கும் வழவழப்பு போகும்வரை கத்தியால் சுரண்ட வேண்டும். ஒரு விரல்கடை பட்டை விட்டுப்போனாலும் மரம் அதைப் பாலமாக்கிக்கொண்டு காயத்தை மூடிவிடும். இலையின் சாப்பாடு பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது, தண்ணீரோ கட்டை வழியாக மேலே போகிறது. அதனால் வளையம் எடுத்த மரம் உடனே வாடாது. வேரிலிருந்து தண்ணீரை வாங்கிக்கொண்டே, வேருக்கு ஒன்றும் அனுப்பாமல் மாதக்கணக்கில் நிற்கும். வேர் இருப்பு தீர்ந்து களைத்தபின் இலை உதிரும். ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடத்தைத் தாண்டவும் செய்யலாம். வளையத்துக்குக் கீழே வரும் துளிரை மட்டும் அவ்வப்போது ஒடித்து வாருங்கள். பட்ட கிளை சொல்லாமல் விழும். ஆகவே பிள்ளைகள் விளையாடும் இடத்திலும், மின்கம்பிக்குப் பக்கத்திலும், ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த மரத்திலும் இந்த வழி வேண்டாம்.

அறிகுறி: மருந்து போட்டும் துளிர்க்கிறது

எந்த மருந்து, எப்போது, எங்கே போட்டீர்கள் என்ற மூன்று கேள்விக்குள் பதில் பெரும்பாலும் வந்துவிடும்.

முதலில் எந்த மருந்து. கல் உப்பு, ஆசிட், டீசல், மண்ணெண்ணெய், மயில்துத்தம், பெருங்காயம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஓட்டை போட்டுப் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்று நானும் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். எங்கள் புங்கனில் வைத்துப் பார்த்தேன், துளிர் நிற்கவில்லை. உப்பு வேலை செய்யும் அளவுக்குப் போட்டால் அந்த மண்ணில் பிறகு எதுவும் வராது. பக்கத்தில் கான்கிரீட் இருந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். ஆசிட் வெட்டுமுகத்தைக் கருக்குவதோடு சரி. கண்ணிலும் கையிலும் தெறிக்கும் ஆபத்துதான் மிச்சம். டீசலும் மண்ணெண்ணெயும் மண்ணிலிருந்து கிணற்றுக்குப் போகும். வீட்டுக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் பக்கத்தில் இவை எதையும் ஊற்றாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

களைக்கொல்லி வாங்கப் போனால் சிலர் பாராகுவாட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். அது பட்ட இடத்து இலையைத்தான் கருக்கும், வேருக்கு இறங்காது, பத்து நாளில் மறுபடி துளிர். அதைவிட முக்கியம், உள்ளே போனால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஒரு வாய் அளவுகூட உயிரைப் பறித்துவிடும். வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். வேருக்கு இறங்கும் மருந்து என்றால் கிளைஃபோசேட். 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஆகவே மருந்துதான் தேவை என்று முடிவெடுத்தால் உரிமம் உள்ள பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டபின் பக்கத்தில் நின்று இரண்டு விஷயத்தைப் பாருங்கள்.

ஒன்று, நேரம். அறுத்த கையோடு, பத்து நிமிடத்துக்குள் பூச வேண்டும். அறுத்து ஒரு மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்தால் வெட்டுமுகத்தில் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், மருந்து மேலேயே காயும். பழைய கட்டையில் பூசுவதாக இருந்தால் இரண்டு விரல்கடை மேலிருந்து புதிதாக அறுத்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். மரத்தூளையும் துடைத்துவிட வேண்டும், அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு, இடம். பட்டையை ஒட்டிய வெளிவட்டம்தான் முக்கியம். பெயிண்ட் பிரஷ்ஷால் ஓரத்தைச் சுற்றிப் பூசினால் போதும், நடுவில் ஊற்றுவது வீண். அன்று மழை வரும்போல இருந்தால் வேலையை ஒத்திப்போடுங்கள்.

பருவம் இங்கே தலைகீழ். கொழுந்து விடும் சமயத்தில் சாறு மேல்நோக்கி ஏறும், மருந்து இறங்காது. மழை முடிந்து இலை முற்றி, வேருக்குச் சாப்பாடு இறங்கும் மார்கழி, தையில் பூசினால் அந்த ஓட்டத்தோடு மருந்தும் இறங்கும். துளிருக்கு மருந்தடிப்பதும் அதேபோல. முழங்கால் உயரம் வளரவிட்டு, இலை விரிந்தபின் அடித்தால்தான் வேருக்குப் போகும்.

பட்டினி போடுபவர் இலையே விடக்கூடாது, மருந்து போடுபவர் இலையை வளர்க்க வேண்டும். இரண்டையும் கலந்து, ஒரு மாதம் ஒடித்து, ஒரு மாதம் வளர்த்து, சோர்வு வரும்போது கொஞ்சம் மருந்தடித்தால் மரம் பிழைத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்த தோல்விகளில் பாதிக்கு மேல் இந்தக் கலப்படத்தால் வந்தவை. ஒரு வழியைப் பிடித்தால் அதிலேயே நில்லுங்கள்.

அறிகுறி: மருந்து போட்டபின் பக்கத்து மரமும் வாடுகிறது

ஒரே இனமாக இருந்தால் மண்ணுக்கடியில் இரண்டின் வேரும் ஒட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஆகியிருக்கலாம். ஒன்றுக்குப் பூசியது மற்றதற்கும் போகும். வேர்க்கன்றாகப் பிறந்த மரங்கள் தாயோடு ஒட்டியேதான் இருக்கும். காப்பாற்ற வேண்டிய புங்கன் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாத புங்கனுக்கு மருந்து பூசாதீர்கள், தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

அறிகுறி: மழைக்குப்பின் பாய் விரித்தாற்போலச் சிறு கன்றுகள்

இது கட்டையின் வேலை இல்லை, விதையின் வேலை. வேம்பென்றால் பயப்படாதீர்கள். வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே சரிந்துவிடும். தாய்மரம் போய்விட்டால் ஒரு பருவத்தோடு பெரும்பாலும் முடிந்தது. பிறகு வருவது காக்கை போடும் கொட்டைதான். சூபாபுலும் சீமைக்கருவேலும் அப்படியில்லை. விதையின் தோல் கடினம், பல வருடம் மண்ணில் கிடந்து ஒவ்வொரு மழைக்கும் ஒரு தவணை முளைக்கும்.

முளைத்து மூன்று நான்கு இலைப் பருவத்தில், ஈரத்தோடு பிடுங்குவதே சுலபம். சூபாபுல் ஆணிவேர் வேகமாக இறங்கும், இரண்டு மாதம் விட்டால் பிடுங்க வராது. ஆடு இருந்தால் கட்டுங்கள், ஆசையாக மேயும், ஆனால் அதையே முழுத் தீவனமாகக் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள் அதிகமானால் முடி கொட்டும். சீமைக்கருவேலில் ஆடு இலையைத் தொடாது, நெற்றைத் தின்று சாணியோடு விதையை ஊரெல்லாம் விதைக்கும். அதனால் அந்த நெற்று விழும் இடத்தில் மேயவிடக் கூடாது. மரத்தை வெட்டும் முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால் நெற்று முற்றுமுன் வெட்டிவிடுங்கள். அதிலேயே பல வருட வேலை மிச்சமாகும்.

அறிகுறி: சுவரில், சன்ஷேடில், தொட்டியில் அரசு முளைக்கிறது

அரசும் ஆலும் இத்தியும் பறவை எச்சத்தோடு வருபவை. விதை கசகசா அளவுதான், மயிரிழை வெடிப்பும் கொஞ்சம் ஈரமும் போதும். கும்பாபிஷேகத் திருப்பணியில் கோபுரத்துச் செடிகளைக் களைவதைப் பார்த்திருப்பீர்கள், வீட்டுக்கும் அதே வேலைதான்.

விரல் பருமன் வருமுன், மழையில் சுவர் ஊறியிருக்கும்போது இழுத்தால் முழு வேரோடு வரும். இலை பறித்தோ, தண்டைக் கிள்ளியோ விடுவதில் பயனில்லை. வேர் உள்ளே பருத்துக்கொண்டே போகும், மறுபடி துளிர்க்கும்போது தண்டைவிட வேர் தடித்திருக்கும். கட்டைவிரலைத் தாண்டிவிட்டால் இழுக்காதீர்கள், செங்கல் பெயரும். தண்டை அறுத்து, அந்த இடத்துப் பூச்சைக் கொத்திப் பிரித்து, செங்கல் இடுக்கில் ஓடும் வேரைக் கண்ணுக்குத் தெரியும்வரை எடுத்து, சிமெண்டுக் கலவையை உள்ளே திணித்து அடைக்க வேண்டும். மேலே பூசுவது மட்டும் போதாது. எட்டாத வேர் மிச்சமிருந்தால் துளிர் வந்ததும் ஒடித்துக்கொண்டே இருங்கள். சுவருக்குள் அதற்கு இருப்பு குறைவு, மண்ணில் நிற்கும் மரத்தைவிடச் சீக்கிரம் களைக்கும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முளைத்தால் அங்கே தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். ஓவர்ஹெட் டேங்கின் வழிகுழாய், பாத்ரூம் பிவிசி குழாயின் இணைப்பு, மொட்டைமாடி வடிகால் மூலை, இந்த மூன்றையும் பாருங்கள். கசிவை அடைத்த பிறகு எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் அரசு வரவில்லை. பழைய கிணற்றின் உள்சுவரில் இருக்கும் ஆலமரத்தை மட்டும் நாமே இறங்கி வெட்ட முயல வேண்டாம். பழகிய கிணற்று ஆள் வேண்டும்.

அறிகுறி: வெட்டிப் போட்ட கிளையே துளிர்க்கிறது

முருங்கை, ஒதியன், பூவரசு, கல்யாண முருங்கை, கிளைரிசிடியா ஆகியவற்றின் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, மண்ணைத் தொட்டால் வேர்விடும். வேலிக்கு ஊன்றிய குச்சி மரமானதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிய கிளையை ஈர மண்ணில் குவித்து வைக்காமல் தளத்தில் காயவைத்துவிட்டு விறகாக்குங்கள். பந்தல்காலுக்கும் இந்த மரத்துக் குச்சி வேண்டாம்.

தென்னை, பனை வெட்டியவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. குருத்து ஒன்றுதான், அது போனால் அவ்வளவுதான். கட்டைக்கு மருந்து வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். வீட்டு முன்னால் அழகுக்கு வைக்கும் கொத்துப் பனை வகைகளில் மட்டும் பக்கக்கன்று எழும், அதைத் தூரோடு எடுக்க வேண்டும்.

பட்டுவிட்டதா, உறங்குகிறதா?

கட்டையின் ஓரப் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். பழுப்பாக, காய்ந்து, சில்லாக உடைந்தால் அந்தப் பக்கம் முடிந்தது. ஒரு பக்கம் காய்ந்து மறு பக்கம் ஈரமாக இருப்பதும் உண்டு, அதனால் சுற்றிலும் நான்கைந்து இடத்தில் கீறுங்கள். தடித்த வேர் ஒன்றையும் தோண்டிக் கீறிப் பார்க்க வேண்டும். ஒரு கோடைமழை, ஒரு ஐப்பசி மழை, இரண்டும் துளிர் இல்லாமல் கடந்தால் நம்பலாம்.

பட்ட கட்டையைக் கறையான் மண்ணாக்கிவிடும். தோட்டத்து நடுவில் இருந்தால் நல்லதுதான், விட்டுவிடுங்கள். வாசற்கால், கதவு நிலைக்குப் பக்கத்தில் இருந்தால் எடுத்துவிட வேண்டும், அங்கிருந்து நிலைக்கு ஏறிவிடும். கட்டை மக்கும்போது மேல்மண் உள்வாங்கும். பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி அஸ்திவாரத்துக்கு இறங்காமல் செம்மண் போட்டு மேடாக்குங்கள்.

எங்கள் புங்கனின் கடைசி வேர்க்கன்று இரண்டாவது ஆடியில் வந்தது, மதிலுக்கு அடியில், வெளிறிய மூன்றே இலையோடு. வேரைப் பிடித்து இழுத்தேன். நூல் போல உருவி வந்தது, நகத்தால் கீறினால் உள்ளே மஞ்சளும் இல்லை, ஈரமும் இல்லை. அடுத்த மழைக்குத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செம்பருத்தி வைத்தோம். வீட்டில் கறிவேப்பிலை கேட்டார்கள். அதை டேங்கிலிருந்து முப்பது அடி தள்ளி, கிழக்கு மூலையில் வைத்திருக்கிறேன்.